ஸ்டப்ஸின் சிங்கமும் சென்னை ஆளுநரின் சிவிங்கியும்

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரிட்டிஷ் கலை மையத்தில் சுவரை அடைக்கும் அளவுக்குப் பெரிய எண்ணெய் ஓவியம் ஒன்று இருக்கிறது. உயரம் 243 செ.மீ., அகலம் 332 செ.மீ. அவ்வளவு பெரிய கித்தானில் மனிதர் ஒருவர்கூட இல்லை. ஒரு குதிரை, அதன் முதுகில் தொற்றிக்கொண்ட ஒரு சிங்கம், சுற்றிலும் இருட்டிக்கொண்டு வரும் காட்டுவெளி, அவ்வளவுதான். ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1762 வாக்கில் ராக்கிங்ஹாம் பிரபுவின் லண்டன் மாளிகைக்காக வரைந்தது இது. பிரபு பின்னாளில் இரண்டு முறை பிரிட்டனின் பிரதமரானவர்.

ஸ்டப்ஸ் இந்தக் காட்சியை விடவே இல்லை. அடுத்த 30 ஆண்டுகளில் இதே கதையைக் குறைந்தது 17 படைப்புகளில் திரும்பத் திரும்பச் செய்தார். எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார், செப்புத் தகட்டில் எனாமலாகச் சுட்டார், தானே செதுக்கி அச்சிட்டார், வெட்ஜ்வுட் பீங்கான் தொழிற்சாலைக்குப் புடைப்புருவமாக வனைந்தும் கொடுத்தார். சிலவற்றில் சிங்கம் தூரத்துக் குகையிலிருந்து தலையை நீட்டுகிறது. குதிரை முன்னங்கால்களை ஊன்றி உறைந்து நிற்கிறது. சிலவற்றில் பாய்ந்தாயிற்று. சிலவற்றில் குதிரை முட்டி மடிந்து தரையில் சரிந்துவிட்டது. ஒரு நாடகத்தின் மூன்று கட்டங்கள்போல இவற்றை வரிசைப்படுத்தலாம்.

டேட் கலைக்கூடத்தில் உள்ள 1769ஆம் ஆண்டு எனாமலைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். எண்கோண வடிவச் செப்புத் தகடு. அகலம் 28 செ.மீ.தான், ஒரு சாப்பாட்டுத் தட்டளவு. இருண்ட பாறைகளுக்கும் புதருக்கும் முன்னால் வெள்ளைக் குதிரை மட்டும் தனியே ஒளிர்கிறது. சிங்கம் முதுகின் மேலேறி, பிடரிக்குப் பின்னால் வாயைப் பதித்திருக்கிறது. நகங்கள் இறங்கிய இடத்தில் குதிரையின் தோல் துணிபோலச் சுருங்கி மடிகிறது. சிங்கத்தின் முகமோ குதிரையின் உடம்புக்குள் புதைந்து பாதி மறைந்துவிட்டது. ஆக, நம் கண் போய் நிற்பதற்கு வேறு இடமே இல்லை. குதிரையின் தலைக்குத்தான் போயாக வேண்டும். அது கழுத்தை முழுக்க வளைத்துத் தன்னைத் தின்பவனைத் திரும்பிப் பார்க்கிறது. உதடு பின்னிழுத்துப் பல் வரிசை தெரிகிறது, நாசி விரிந்திருக்கிறது, காதுகள் படிந்துவிட்டன. விலங்குச் சண்டை ஓவியம் என்று இதைச் சொல்வது வழக்கம். சண்டை என்றால் இருபக்கமும் அடி விழ வேண்டும். இங்கே நடப்பது இரை பிடித்தல். ஓவியரின் முழுக் கவனமும் இரையின் முகத்தில் இருக்கிறது.

இதை அவர் எங்கே பார்த்தார்? ஸ்டப்ஸ் 1806இல் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு லண்டன் விளையாட்டு இதழ் இதற்கு ருசியான பதிலொன்று சொன்னது. 1754இல் ரோமுக்குப் போன ஸ்டப்ஸ், திரும்பும் வழியில் கப்பலில் ஆங்கிலம் தெரிந்த மூர் இனத்தவர் ஒருவரோடு நட்பானாராம். அவர் அழைப்பின்பேரில் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள சியூட்டா கோட்டையில் தங்கினாராம். ஒரு மாலை, நிலவொளியில், கோட்டை மதில்மேல் நின்றபடி, வெள்ளைக் குதிரை ஒன்றை நோக்கிச் சிங்கம் பதுங்கிப் பதுங்கி வருவதைக் கண்டாராம். நிலவு, மதில், வெள்ளைக் குதிரை, பாயும் சிங்கம் என்று கதைக்கு வேண்டியது எல்லாம் வேண்டிய இடத்தில் இருக்கிறது. எனக்கு இந்த ஒழுங்கே சந்தேகத்தைத் தருகிறது. ஸ்டப்ஸின் நண்பரும் ஓவியருமான ஓசியாஸ் ஹம்ஃப்ரி அவரிடமே கேட்டு எழுதிவைத்த வாழ்க்கைக் குறிப்பில் இப்படியொரு சம்பவம் இல்லை. வாழ்நாளெல்லாம் வரைந்த காட்சியை நேரில் கண்ட ஒருவர், அதைத் தன் வரலாற்றை எழுதுபவரிடம் சொல்லாமல் விட்டிருப்பாரா?

விடையைக் கலை வரலாற்றாசிரியர் பாசில் டெய்லர் 1965இல் ரோமிலேயே காட்டினார். அங்கே காபிட்டோலின் குன்றில், குதிரையைக் கவ்விய சிங்கத்தின் பழங்காலப் பளிங்குச் சிலை ஒன்று நிற்கிறது. இடைக்காலத்தில் அந்தச் சிலைக்குப் பக்கத்தில்தான் குற்றவாளிகளுக்குத் தீர்ப்பு வாசிப்பார்கள். முதுகில் ஏறிய சிங்கம், பக்கவாட்டில் புதைந்த வாய், சரிந்து மடங்கிய குதிரை, பின்னால் திரும்பிய அதன் தலை, இவை எல்லாம் அதில் இருக்கின்றன. ரோமுக்குப் போன எந்த ஓவியரும் அதைப் பார்க்காமல் வந்திருக்க முடியாது.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. நூற்றாண்டுக் கணக்கில் அந்தச் சிலை உடைந்த நிலையில்தான் கிடந்தது. குதிரைக்குத் தலையில்லை, கால்களில்லை. 1594இல் சிற்பி ஒருவர் அவற்றைப் புதிதாகச் செதுக்கிப் பொருத்தினார். பண்டைய உலகின் வேதனை என்று பயணிகள் வியந்து பார்த்த அந்தக் குதிரை முகம், ஸ்டப்ஸ் அதன் முன் நின்றபோது 160 வயதே ஆன ஒட்டுவேலை.

கலையைவிட இயற்கையே உயர்ந்தது என்று தனக்குத்தானே நிரூபித்துக்கொள்ளத்தான் ரோம் போனதாக ஸ்டப்ஸ் ஹம்ஃப்ரியிடம் சொல்லியிருக்கிறார். போனார், வந்தார், பிறகு 30 ஆண்டுகள் ஒரு சிலையையே வரைந்துகொண்டிருந்தார். இதை முரண்பாடு என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சிலையிலிருந்து அவர் எடுத்தது நிலையை மட்டும்தான். அந்த நிலைக்குள் நிரப்பிய சதை, சிங்கம், பயம் மூன்றும் வேறு இடங்களிலிருந்து வந்தவை.

முதலில் சதை. ஸ்டப்ஸ் 1724இல் லிவர்பூலில் பிறந்தவர். அப்பா தோல் பதனிடும் தொழிலாளி. பதினைந்து பதினாறு வயதுவரை மகனும் அதே வேலையில்தான் இருந்தார். விலங்கின் தோலைத் தொட்டுப் பழகிய கை அது. ஓவியத்தில் முறையான குருகுலம் வாய்க்கவில்லை. யார்க் நகர மருத்துவமனையில் உடற்கூறு கற்றார். 1756இல் லிங்கன்ஷயர் மாவட்டத்தின் ஹார்க்ஸ்டோ கிராமத்தில் ஒரு பண்ணை வீட்டை வாடகைக்கு எடுத்துப் பதினெட்டு மாதங்கள் குதிரைகளை அறுத்தார். கூட இருந்தது அவருடைய வாழ்க்கைத் துணை மேரி ஸ்பென்சர் மட்டும்.

அந்த வேலையின் விவரங்களைப் படிக்கவே வயிறு வேண்டும். உயிருள்ள குதிரையின் கழுத்து நாளத்தை வெட்டி ரத்தம் முழுக்க வடியவிடுவார். பிறகு நாளங்களுக்குள் உருக்கிய கொழுப்பைச் செலுத்துவார், அவை வடிவம் குலையாமல் நிற்பதற்கு. கூரையிலிருந்து இரும்புச் சட்டத்தைத் தொங்கவிட்டு, அதில் கொக்கிகளை மாட்டி, செத்த உடலை உயிருள்ள குதிரை நிற்பதுபோலவே நிறுத்துவார். குளம்புகளுக்குக் கீழே பலகை. பின்னர் தோல், தோலுக்கடியில் முதல் அடுக்குத் தசை, அதற்கடுத்தது என்று எலும்பு வரைக்கும் உரித்துக்கொண்டே வரைவார். ஒரு குதிரை பதினொரு வாரம் தாங்கியது. அந்த வீட்டின் நாற்றத்தைக் குறித்து ஊரில் என்ன பேசியிருப்பார்கள் என்று ஊகிக்க அதிக கற்பனை வேண்டியதில்லை.

இந்த வரைபடங்களைத் தகட்டில் செதுக்க லண்டனில் எந்தச் செதுக்குக் கலைஞரும் முன்வரவில்லை. தானே செதுக்கினார். 1766இல் ‘குதிரையின் உடற்கூறு’ 18 படத்தகடுகளோடு வெளிவந்தது. சிங்க ஓவியங்களில் குதிரையின் தோலுக்கடியில் ஒவ்வொரு நரம்பும் புடைத்து நிற்பது மிகையாக நமக்குப் படலாம். அந்த நரம்புகள் எந்தத் தசையின் மேல் ஓடுகின்றன, கழுத்தைத் திருப்பினால் எது இழுபடும், எது தளரும் என்பது அன்றைய ஐரோப்பாவில் அவரைப்போல இன்னொரு ஓவியருக்குத் தெரிந்திருக்காது.

அடுத்தது சிங்கம். ஷெல்பர்ன் பிரபு லண்டனுக்கு வெளியே ஹவுன்ஸ்லோ பக்கத்து மாளிகையில் ஒரு சிங்கத்தைக் கூண்டில் வைத்திருந்தார். ஸ்டப்ஸ் கம்பிகளுக்கு வெளியே நின்று அதைப் பல கோணங்களில் வரைந்தார். வேளாவேளைக்குப் போட்டதைத் தின்ற சிங்கம் அது. குதிரையின் முதுகேறிய அனுபவம் அதற்கு இருந்திருக்க வழியில்லை. காட்டுச் சிங்கம் பெரிய இரையை முடிப்பது பெரும்பாலும் தொண்டையையோ மூக்கையோ கவ்வி, மூச்சை அடைத்துத்தான். முதுகில் அமர்ந்து நிதானமாக விலாவைக் கடிப்பது சிற்பிக்குத் தோதான நிலை. இதையெல்லாம் ஸ்டப்ஸின் குறையாக நான் சொல்லவில்லை. தொண்டையைக் கவ்வியிருந்தால் குதிரையின் முகம் மறைந்திருக்கும். ஓவியமே இல்லாமல் போயிருக்கும்.

மூன்றாவதாக, அந்த முகம். இதன் பிறப்பைத்தான் ஹம்ஃப்ரியின் குறிப்பு நன்றாகப் பதிவு செய்திருக்கிறது. பெய்ன் என்ற கட்டடக் கலைஞர் அரசரின் லாயத்திலிருந்து ஒரு வெள்ளைக் குதிரையை ஸ்டப்ஸுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தார். அதை நிறுத்திவைத்து, தரையோடு தரையாக ஒரு தூரிகையை அதை நோக்கித் தள்ளச் சொல்வார் ஸ்டப்ஸ். குதிரை மிரளும், காதைப் பின்னிழுக்கும், கண் பிதுங்கும், கால்களை ஊன்றிப் பின்வாங்கும். அதை வரைந்துகொள்வார். மிரட்சி அடங்கியதும் மறுபடியும் தூரிகை. ஐரோப்பிய ஓவியத்தில் சிங்கத்தைக் கண்டு குலைநடுங்கி நிற்கும் மிகப் புகழ்பெற்ற குதிரை, உண்மையில் ஒரு தூரிகையைக் கண்டு நடுங்கியது.

நிலத்தையும் பார்த்துவிடுவோம். இந்த வரிசையின் பல ஓவியங்களில் பின்னணியாக இருப்பது ஆப்பிரிக்கா இல்லை. நாட்டிங்ஹாம்ஷயர், டார்பிஷயர் எல்லையிலுள்ள கிரெஸ்வெல் சுண்ணாம்புப் பாறைப் பிளவு அது. குகைகளும் செங்குத்துப் பாறைகளும் கொண்ட, ஒரு பிற்பகலில் நடந்து பார்த்துவிடக்கூடிய சிறிய இடம். ஸ்டப்ஸ் இறந்து 70 ஆண்டுகளுக்குப் பின், 1876இல், அங்குள்ள ராபின் ஹுட் குகையைத் தோண்டியவர்கள் ஒரு விலா எலும்புத் துண்டைக் கண்டெடுத்தார்கள். அதில் பனியுகத்து மனிதர் ஒருவர் கல் முனையால் கீறிய குதிரைத் தலை இருந்தது. அக்குகைகளில் கழுதைப்புலியின் எலும்புகளும் கம்பளிக் காண்டாமிருகத்தின் எலும்புகளும் கிடைத்தன. ஸ்டப்ஸுக்கு இவை எதுவும் தெரியாது. வேட்டை விலங்குகள் உலவத் தக்க பாறைகள் என்று அவர் கண்ணுக்குப் பட்ட இடத்தில் அவை நிஜமாகவே ஒரு காலத்தில் உலவியிருக்கின்றன.

இவ்வளவையும் சேர்த்தால் கிடைப்பது: ரோமின் கல், ஹார்க்ஸ்டோவின் பிணம், ஹவுன்ஸ்லோவின் கூண்டு, அரச லாயத்தின் மிரண்ட குதிரை, கிரெஸ்வெல்லின் பாறை. சியூட்டாவின் நிலவு இதில் எங்குமே தேவைப்படவில்லை.

ஏன் இந்தக் காட்சி? சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் 1757இல் வெளியிட்ட நூலில் அழகையும் உன்னதத்தையும் இரண்டாகப் பிரித்தார். நம்மை அச்சுறுத்தும், நம் வசப்படாத பெருவலிமை உன்னதம். அதைப் பாதுகாப்பான தூரத்தில் இருந்து பார்க்கையில் கிடைப்பது ஒரு வகை இன்பம். அவர் எடுத்த உதாரணங்களில் ஒன்று குதிரை. வண்டி இழுக்கும் குதிரையில், நமக்கு உழைக்கும் குதிரையில், உன்னதம் ஏதுமில்லை என்றார். இருண்ட காட்டில் வரும் சிங்கத்திடமும் புலியிடமும் அது இருக்கிறது. எட்டே ஆண்டுகளில், 1765இல், பர்க் ராக்கிங்ஹாம் பிரபுவின் செயலரானார். ஸ்டப்ஸின் சிங்கம் தொங்கிய வீட்டின் எசமானரும் பர்க்கின் எசமானரும் ஒருவரே.

ஆகவே ஸ்டப்ஸ் பர்க்கின் கோட்பாட்டுக்குப் படம் போட்டார் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. பர்க்கின் கணக்கில் உன்னதம் சிங்கத்துக்கு உரியது. ஸ்டப்ஸ் சிங்கத்தின் முகத்தை மறைத்துவிட்டு உன்னதத்தைக் குதிரைக்குக் கொடுத்துவிட்டார். சிங்கத்தைப் பார்த்து நாம் அஞ்சுவதில்லை. அஞ்சும் குதிரையோடு சேர்ந்து அஞ்சுகிறோம். அந்தக் காலத்துப் பார்வையாளர்களுக்கும் இது புரிந்தே இருந்தது. 1763 கண்காட்சியில் ஸ்டப்ஸின் மிரண்ட குதிரையைப் பார்த்த ஹொரேஸ் வால்போல் ஒரு கவிதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினார். பாடுபொருள் குதிரையின் திகில். மறு ஆண்டு அவர் வெளியிட்ட ‘ஒட்ரான்டோ கோட்டை’தான் ஆங்கிலத்தின் முதல் திகில் நாவலாகக் கருதப்படுகிறது.

ஸ்டப்ஸின் பிழைப்பு குதிரைகளால் நடந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் கூலிக்கு வரைந்த குதிரைகளுக்கு உரிமையாளர் உண்டு, வம்சாவளி உண்டு, விலை உண்டு, பக்கத்தில் கடிவாளம் பிடித்த லாயக்காரன் உண்டு. அவை அமைதியாக, மினுமினுப்பாக, விற்பனைக்கு நிற்பதுபோல நிற்கும். ராக்கிங்ஹாமின் பெயர்பெற்ற குதிரை விசில்ஜாக்கெட்டை அவர் வரைந்ததும் இதே 1762 வாக்கில். சிங்கத்தின் கீழ் நெளியும் குதிரைக்கோ சேணமில்லை, பெயரில்லை, உடையவர் இல்லை. எசமானர்களுக்காக வரைந்த ஆயிரம் சாந்தமான முகங்களில் காட்ட முடியாததை அங்கே காட்டினார். வரலாற்று ஓவியமே தலையாயது, விலங்கு வரைபவன் கடைசி வரிசை என்றிருந்த ராயல் அகாடமியின் உலகில், ‘குதிரைக்காரன்’ என்ற பட்டத்திலிருந்து வெளியேறவும் இது ஒரு வழி. அந்த எண்கோண எனாமலை மெல்பர்ன் பிரபு 100 கினிகளுக்கு வாங்கினார். அகாடமிக்கும் அவருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. 1781இல் முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தும், விதிப்படி கொடுக்க வேண்டிய ஓவியத்தைக் கொடுக்க மறுத்து அந்த இடத்தை இழந்தார்.

இனி சிவிங்கி. ஸ்டப்ஸ் சிங்கங்களை வரைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஒரு நிஜமான விலங்குச் சண்டை நடந்தது. அதற்கு விதை போட்டவர் சென்னை ஆளுநர் ஜார்ஜ் பிகட். 1755 முதல் 1763 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னையை ஆண்டவர், பிரெஞ்சுத் தளபதி லாலியின் முற்றுகையைத் தாங்கி நின்றவர், பெரும் பணத்தோடு ஊர் திரும்பியவர். திரும்பியதும் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு ஒரு வேட்டைச் சிவிங்கியைப் பரிசளித்தார். அதைப் பார்த்துக்கொள்ள இரண்டு இந்தியப் பணியாளர்களும் கூடவே இருந்தார்கள்.

சிவிங்கிப்புலியைப் பழக்கி மான் வேட்டைக்கு விடுவது இந்திய அரசவைகளில் ஊறிய வழக்கம். இங்கிலாந்தில் யாரும் அதைப் பார்த்ததில்லை. மன்னரின் சித்தப்பா கம்பர்லாண்ட் கோமகன் அதை அரங்கேற்ற முன்வந்தார். ஸ்காட்லாந்தில் கல்லோடன் போரில் ஈவிரக்கமின்றி நடந்துகொண்டதற்காக ‘கசாப்புக்காரன்’ என்று பெயர் எடுத்தவர் அவர். 1764 ஜூன் 30. வின்ட்சர் பெரும் பூங்காவில் வலை கட்டி ஓர் இடத்தை அடைத்தார்கள். உள்ளே ஒரு கலைமான். சுற்றிலும் கூட்டம். சிவிங்கியின் முக்காட்டைக் கழற்றி விட்டார்கள்.

நடந்ததைப் பத்திரிகைகள் எழுதின. சிவிங்கி மானின் பின்புறத்தைப் பிடிக்கப் பார்த்தது. மான் கொம்பால் விரட்டியது. சிவிங்கி தொண்டைக்குப் பாய்ந்தது, அதுவும் பலிக்கவில்லை. மூன்றாம் முறை மான் அதைத் தூக்கி எறிந்துவிட்டுத் துரத்தவும் செய்தது. அரசரின் சிவிங்கி வாலைச் சுருட்டிக்கொண்டு வலைக்கடியில் நுழைந்து காட்டுக்குள் ஓடியது. அங்கே மேய்ந்துகொண்டிருந்த மந்தையில் ஒரு சிறிய மானைப் பிடித்து அக்கணமே கொன்றது. இந்தியப் பணியாளர்கள் தேடிப் போய், தங்கள் வழக்கப்படி இரையில் பங்கு கொடுத்து, அதை மறுபடி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

தோற்றது சிவிங்கியின் வீரமில்லை, ஏற்பாடுதான். அதன் எடை பெரும்பாலும் 40 முதல் 55 கிலோ. இந்தியாவில் அது பிடிப்பது வெளிமான்போன்ற சிறிய இரையை. அதுவும் திறந்த வெளியில், ஓட்டத்தில், ஓடுகிற விலங்கின் காலைத் தட்டி விழவைத்து. நின்று முட்டும் முழு வளர்ந்த கலைமானுக்கு எதிரே, ஓட இடமில்லாத வலைக்குள், அதை விட்டார்கள். பணியாளர்களைக் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்கள். கேட்டதாகத் தெரியவில்லை. மந்தைக்குள் புகுந்து ஒரே பாய்ச்சலில் அது கொன்றதுதான் உண்மையான வேட்டை. அதை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் பார்க்கவில்லை.

பிகட் இதை ஓவியமாக்க ஸ்டப்ஸிடம் வந்தார். இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. இன்று மான்செஸ்டர் கலைக்கூடத்தில் இருக்கும் அந்த ஓவியம் ஏறக்குறைய 1.8 மீட்டர் உயரம், 2.7 மீட்டர் அகலம். 1765 கண்காட்சியில் ‘வேட்டைப் புலியின் உருவப்படம்’ என்ற தலைப்பில் வைக்கப்பட்டது. உருவப்படம் என்ற சொல்லே சொல்லிவிடுகிறது, இதில் சண்டை இல்லை. முக்காடு பின்னுக்குத் தள்ளிய சிவிங்கி. இடுப்பில் சிவப்புத் துணி. வெள்ளை உடுப்பும் தலைப்பாகையுமாக இரு இந்தியர்கள். ஒருவர் குனிந்து அந்தத் துணியைப் பற்றியிருக்கிறார், மற்றவர் கையை நீட்டி மானைக் காட்டுகிறார். மான் நின்று திரும்பிப் பார்க்கிறது. அடுத்த கணம் என்ன நடக்கும் என்பது கித்தானுக்கு வெளியே இருக்கிறது. வலையில்லை, கூட்டமில்லை, கோமகன் இல்லை. வின்ட்சரும் இல்லை; பாறையும் மலையுமாக எங்கோ ஒரு நிலம்.

நிஜமாக நடந்த ஒரு சண்டை, சாட்சிகளோடும் பத்திரிகைச் செய்தியோடும் ஸ்டப்ஸுக்குக் கிடைத்த ஒரே முறை அவர் சண்டையை வரையவில்லை. காரணத்தைப் பரிசளித்தவரின் மானத்தில் தேடலாம். மன்னருக்குக் கொடுத்த வேட்டை விலங்கு மானிடம் உதைபட்டு ஓடியதைப் பெரிய கித்தானில் பார்க்க பிகட் பணம் கொடுத்திருக்க மாட்டார். ஆனால் அதற்கும் மேலே ஒன்று உண்டென்று நினைக்கிறேன். வின்ட்சரில் நடந்ததற்கு வடிவமில்லை. மூன்று தடவை பாய்ச்சல், ஒரு தூக்கியெறிதல், வலைக்கடியில் நுழைதல், எங்கோ ஒரு புதர் மறைவில் கொலை. நிஜச் சண்டைகள் இப்படித்தான் அலங்கோலமாக இருக்கும். இரண்டு விலங்குகளுமே முடிந்தவரை விலகிப் போகவே பார்க்கும். ரோமச் சிற்பி கல்லில் நிறுத்திய அந்த ஒற்றைக் கணம், கவ்வலும் திரும்பிய தலையும் ஒரே வளைவில் பூட்டிக்கொண்ட கணம், அதில் எங்குமே இல்லை.

அதற்கு ஈடாக ஸ்டப்ஸ் கொடுத்தது குறைந்ததல்ல. சிவிங்கியின் புள்ளிகளும் மெலிந்த இடுப்பும் அளந்து வரையப்பட்டவை. அந்த இரு மனிதர்களும் அந்தக் கால ஆங்கில ஓவியத்தில் ஓரமாக நிற்கும் கறுப்புப் பணியாள் பொம்மைகளாக இல்லை. வேலை தெரிந்தவர்களின் கவனம் அவர்கள் முகத்தில் இருக்கிறது. ஒரு விலங்கைப் பழக்கியவர்களுக்கே உரிய அந்தக் கைப்பிடியை, லாயக்காரர்களை வரைந்து பழகிய ஸ்டப்ஸ் உடனே கண்டுகொண்டிருக்கிறார். பிகட்டின் கதை பின்னால் வேறு விதமாகப் போனது. 1775இல் மறுபடி சென்னைக்கு ஆளுநராக வந்தார். தஞ்சை மன்னருக்கு அரசை மீட்டுக் கொடுத்த விவகாரத்தில் சொந்த ஆலோசனை சபையே எதிர்த்து, 1776 ஆகஸ்டில் அவரைக் கைது செய்தது. காவலில் இருந்தபடியே மறு ஆண்டு மே மாதம் இறந்துபோனார்.

ஸ்டப்ஸ் கத்தியைக் கீழே வைக்கவே இல்லை. 1795இல், 71 வயதில், மனிதன், புலி, கோழி மூன்றையும் ஒப்பிட்டு ஓர் உடற்கூறு நூலைத் தொடங்கினார். லண்டனில் பிட்காக் என்பவரின் விலங்குக் காட்சிசாலையில் ஒரு புலி செத்ததாக இரவு பத்து மணிக்குச் சேதி வந்தது. கிழவர் அப்போதே ஓடிப் போய் மூன்று கினி கொடுத்து உடலை வாங்கி, அன்றிரவே அறுக்கத் தொடங்கிவிட்டார். நூல் முடியும் முன்பே இறந்தார். அந்த வரைபடங்கள் கடல் கடந்து, அமெரிக்காவின் வொர்செஸ்டர் பொது நூலகத்தில் யாரும் கவனிக்காமல் கிடந்து 1957இல் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன.

அதற்கு வெகுமுன்பே ஸ்டப்ஸின் அச்சுப்படங்கள் பிரான்ஸ் போய்ச் சேர்ந்திருந்தன. ஓவியர் தியோடர் ஜெரிக்கோ அவற்றுள் ஒன்றைப் பார்த்துச் சிங்கம் கவ்விய வெள்ளைக் குதிரையை எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்தார். அது லூவ்ரில் இருக்கிறது. கணக்குப் பார்த்தால் ஒட்டுப்போட்ட பழஞ்சிலை, அதிலிருந்து ஸ்டப்ஸின் ஓவியம், அதிலிருந்து அச்சு, அச்சிலிருந்து ஜெரிக்கோ. நான்கு கை மாறியும் குதிரையின் திகிலில் சேதாரம் இல்லை. ரொமான்டிக் காலத்து விலங்கு ஓவியம் என்று நாம் அழைக்கும் மரபு இந்தக் கைமாற்றத்தில்தான் பிரான்சில் வேர்விட்டது.

ஜெரிக்கோவின் இளைய நண்பர் யூஜின் தெலக்ரோவா. அவரும் சிற்பி பாரியும் பாரிஸ் தாவரவியல் பூங்காவின் விலங்குக் கூண்டுகளே கதியாகக் கிடந்தார்கள். 1829இல் அங்கே ஒரு சிங்கம் செத்ததும் தெலக்ரோவா பாரிக்கு ஒரு சீட்டு எழுதினார்: சிங்கம் போய்விட்டது, விரைந்து வா, இந்தத் தட்பவெப்பத்தில் தாமதிக்க முடியாது என்ற பொருளில். இருவரும் உரித்த சிங்கத்தை வரைந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் பாரி, முதலை இனத்து காவியலைப் புலி விழுங்கும் சிற்பத்தைப் பாரிஸ் கண்காட்சியில் வைத்துப் பெயர் வாங்கினார். கங்கைக் கரையை அவர் கனவில்தான் கண்டிருக்க வேண்டும்.

தெலக்ரோவாவுக்கு மட்டும் ஒரு வாய்ப்பு கிடைத்தது. 1832இல் பிரெஞ்சுத் தூதுக்குழுவோடு மொராக்கோ போனார். சிங்க வேட்டை எதையும் அங்கே அவர் பார்க்கவில்லை. ஆனால் டாஞ்சியரை அடைந்த சில நாட்களிலேயே, சவாரி போன வேளையில், இரண்டு குதிரைகள் பின்னங்கால்களில் எழுந்து ஒன்றையொன்று கடித்துப் புரண்டதை நேரில் கண்டார். ஏறியிருந்தவர்களுக்கு என்ன ஆகுமோ என்று நடுங்கியதாகக் குறிப்பேட்டில் எழுதினார். கூடவே, ரூபன்ஸும் க்ரோவும் கற்பனையில் கண்ட அதிசயம் எதுவோ அதையே தான் பார்த்துவிட்டதாகவும் எழுதிவைத்தார். கண்முன் ரத்தமும் தூசியுமாக நடந்த சண்டையை அவர் அப்போதே இரண்டு ஓவியர்களின் வழியாகத்தான் பார்த்திருக்கிறார். அதைக் கித்தானுக்குக் கொண்டுவர அவருக்கு மேலும் 28 ஆண்டுகள் பிடித்தன. ‘லாயத்தில் சண்டையிடும் அரபுக் குதிரைகள்’ 1860இல் முடிந்தது. வெட்டவெளியில் கண்ட சண்டைக்கு ஓவியத்தில் ஒரு கூரையும் இருளும் வந்து சேர்ந்துவிட்டன.